பாரதிக்கு மீன் பிறந்த நாள்

சிவபாலன் கரையில் இருக்கும் நாட்களில் அவனை ஒரே இடத்தில் பார்ப்பது கஷ்டம். விடிந்தால் ஒரு டீக்கடை, அப்புறம் வலை கிடக்கும் கொட்டகை, அப்புறம் இன்னொரு டீக்கடை. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படகு கட்டும் முகத்துவாரத்துக்குப் போய் நிற்பான். உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால், கட்டில் ஆடாமல் இருப்பதே தூக்கத்தைக் கெடுக்கும்.

“நண்டுகூட வளைக்குள்ள போனா ஒரு நாழி இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்ல” என்பாள் அவன் மனைவி ஷர்மிளா.

பதினாலு வயதில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டுத் தொழிலுக்கு ஏறியவன். பதினேழு வருஷம் ஓடிவிட்டது. இப்போது விசைப்படகில் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் நிற்கிற மனிதனுக்கு, ஏப்ரல் பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் நாற்பத்தைந்து நாளும் முள்மேல் கழியும். மே இருபத்தொன்பதோடு தடை முடியும். அன்று காலையிலிருந்தே ஐஸ் ஏற்றுவதும் டீசல் பிடிப்பதுமாக ஊர் இரண்டுபடும். இரவு பன்னிரண்டு அடித்ததும் அத்தனை படகும் கிளம்பும்.

அந்த மே இருபத்தொன்பதில்தான் மகள் பாரதி பிறந்தாள். அவள் பிறந்ததிலிருந்து வந்த நாலு பிறந்த நாளும் படகுக்கே போய்விட்டன. கேக் வெட்டும்போது அவன் ஐஸ் பெட்டிக்குள் குனிந்திருப்பான். இரவில் கிளம்புமுன் வந்து, தூங்கும் பிள்ளையின் உதட்டில் ஒட்டியிருக்கும் க்ரீமைத் துடைத்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவன் பார்த்தது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஜனவரியில், தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத் தோழியின் பிறந்த நாளுக்குப் பாரதி போய் வந்தாள். அந்த வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகம். வீடு முழுக்கக் கரடி. சுவரில் கரடி, தொப்பியில் கரடி, கேக்கும் கரடி முகம். திரும்பி வந்த பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எனக்கு மீன் பொறந்தநாள் வேணும்.”

“மீன் பொறந்தநாளா?”

“வீடு ஃபுல்லா கடலுக்கு அடியில மாதிரி இருக்கணும். அப்பாவும் இருக்கணும்.”

மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லிவிட்டுச் சிவபாலன் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவன் படகில் வலை இழுக்கும் சசிதரன் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான்.

“நம்ம வீட்ல தினமும் மீனுக்குப் பொறந்தநாள்தானடா. கொழம்புச் சட்டியில கொண்டாடுறோம்.”

சிவபாலனும் சிரித்தான். ஆனால் ‘அப்பாவும் இருக்கணும்’ என்றது உள்ளே போய் ஏறிக்கொண்டது. இருக்கிறேன் என்று பிள்ளையின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டான்.

தடைக்காலம் வந்ததும் அவன் கைக்கு முதல்முறையாகக் கரையில் ஒரு வேலை கிடைத்தது. ஐஸ் பெட்டித் தெர்மாகோலை அறுத்து மீன் செய்தான். சங்கரா, கிழங்கான், வாவல், காலா, சின்னதாக ஒரு சுறா என்று பதினோரு மீன். படகுக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டைப் பூசினான். செதில்கூடத் தப்பவில்லை. பார்த்தவர்கள் கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். ஷர்மிளாவே, “நெத்திலி மட்டும் விட்டுப்போச்சே, மாமா” என்று கேலி செய்தாள். அவள் கேலிக்கு மட்டும்தான் அவனை மாமா என்பாள்.

பாரதி வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“அப்பா, இதெல்லாம் ஏன் செத்துப்போச்சு?”

“செத்துப்போகலடா தங்கம். மீனு.”

“இல்ல, செத்துப்போச்சு.”

அவன் தள்ளி நின்று பார்த்தான். பிள்ளை சொன்னது சரி. பதினோரு மீனும் வாயைப் பிளந்திருந்தன. செவுள் விரிந்திருந்தது. கண் வெள்ளையாக, எதையும் பார்க்காமல் இருந்தது. வாலைச் சற்று மேலே மடக்கி வெட்டியிருந்தான், பலகையில் கொட்டிய மீன் கடைசியாக ஒருமுறை துடித்து ஓயும்போது மடக்குமே அந்த மாதிரி. அவனுக்கு மீன் அப்படித்தான் தெரியும். அது தண்ணீருக்குள் தன் பாட்டுக்கு இருக்கும்போது எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை. பதினேழு வருஷம் அதன் கூரைமேல்தான் நடமாடியிருக்கிறான்.

வாயை அடைக்க இரண்டு நாள் ஆயிற்று. கண்ணுக்கு ஷர்மிளா தன் மைக்குச்சியை எடுத்து வந்தாள். கருவிழியைக் கொஞ்சம் ஓரமாக வைத்ததும், மீன் பக்கத்து மீனைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. அப்போதுதான் பாரதி ஒத்துக்கொண்டாள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால், பக்கத்து வீட்டுச் சுப்ராயனை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கடல் வந்து ஊரை அடித்துப் போனபின் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் காலண்டர் ஆடும். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லையன், அவர் மனைவி சொர்ணாம்பாள், செல்லையனின் அப்பா சுப்ராயன். சிவபாலனுக்குப் பங்காளி இல்லை. ஊர்முறைக்குச் சுப்ராயன் பெரியப்பா, செல்லையன் அண்ணன். கிழவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கை. அவருக்கு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் சொர்ணாம்பாள்தான். இந்தத் தடவை டாக்டர் மருந்துச்சீட்டு எழுதவில்லை. வீட்டுக்கே கொண்டுபோங்க என்று சொல்லிவிட்டாராம்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் எந்தப் படகும் போகாது. எந்த வீட்டிலும் நல்லது எதுவும் நடக்காது. பக்கத்து வீடுகளில் அடுப்புகூட எரியாது. கோயில் மைக்கில் பெயரைச் சொன்ன நிமிஷத்திலிருந்து கட்டுப்பாடு. யாருக்கும் விலக்கு கிடையாது.

அதனால் இருபத்தொன்பதாம் தேதி காலையில், ஊரே சுப்ராயனின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. படகுக்காரர்களுக்கு முதல் ஓட்டம் தவறக் கூடாது. சிவபாலனுக்குக் கவலை அது இல்லை. சாயங்காலம் ஐந்து மணி, கேக், பாரதி. அவ்வளவுதான். அடுத்த வருஷம் இதே நாளில் அவன் மறுபடியும் ஐஸ் பெட்டிக்குள் இருப்பான் என்று அவனுக்குத் தெரியும். இந்த ஒரு நாளைத்தான் கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறான்.

வாங்கியதும் செல்லையனிடமிருந்துதான். அவரும் அதே படகு. கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே, அன்றைய ஐஸ், டீசல் எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் செல்லையன் சொல்லியிருந்தார். அப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்ததும் சிவபாலன் ஓடினான்.

“அண்ணே, வேணாம். நானே போறேன். நீங்க பெரியப்பாகூட இருங்க.”

“பெருசு இந்த மாதிரி நாலு தடவை போக்குக் காட்டியிருக்குடா. புள்ளகிட்ட சொன்ன சொல்ல மாத்தாத” என்றார் செல்லையன். சொன்னபடியே இருபத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கே கூடையோடு முகத்துவாரத்துக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு சிவபாலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டு மணிக்குச் சுவரில் நீலத் தார்ப்பாயைக் கட்டினான். கட்டி முடித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கிழவரைப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்பது மணிக்குக் கூரையடியில் பழைய வலையை விரித்து, அதிலிருந்து மீன்களைத் தொங்கவிட்டான். மறுபடியும் போனான். டியூப் லைட்டுக்கு நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிவிட்டு இறங்கியவன், பசை ஒட்டிய கையோடே போனான்.

“என்ன தம்பி, மணிக்கு ஒருதரம் வர்ற?” என்றாள் சொர்ணாம்பாள். கிழவரின் நாக்கில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“சும்மாதான் அண்ணி. எப்படி இருக்காரு?”

“அப்படியேதான். மூச்சு மேல ஏறிக் கீழ வருது. உன் வேலையப் பாரு, போ.”

அந்த மூச்சை அவன் எண்ண ஆரம்பித்திருந்தான். ஒன்று ஏறி இறங்கி, அடுத்தது வருவதற்குள் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில், ‘ஆறு மணி வரைக்கும், பெரியப்பா’ என்று மனதுக்குள் சொன்னான். சொன்னதும் கூசியது. ஒரு மனிதனிடம் போய் இதையா கேட்பது? ஆனாலும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

டீக்கடையில் சசிதரன் விடவில்லை.

“டாக்டரே, நாடி எப்படி இருக்கு?”

“சும்மா இருடா.”

“பேசாம மத்தியானமே கேக்கு வெட்டிடு. அந்த வம்பே வேணாம்.”

அவன் அதையும் ஷர்மிளாவிடம் கேட்டான். அவள் அடுப்படியில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். கடல்மணலைக் கழுவிக் காயவைத்துக் குக்கருக்குள் பரப்பி, அதன்மேல் மாவுக் கிண்ணத்தை வைத்து கேக் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“இது இன்னும் நடுவுல வேகல. அப்புறம் ஆறணும், வெட்டணும். ஒன்றரைக்கு ராகுகாலம். அது முடிஞ்சா மூணு மணி வெயிலு. எந்தப் புள்ள வரும்? பதினாறு வீட்ல அஞ்சு மணின்னு சொல்லியிருக்கு.”

“அதுக்குள்ள எதுனா...”

“வாயக் கழுவுங்க” என்றாள். பிறகு அவளும் சுவரைப் பார்த்தாள்.

வட்டக் கேக்கில் ஒரு பக்கம் முக்கோணமாக வெட்டி எடுத்து, அதையே எதிர்ப்பக்கம் வாலாக ஒட்டினாள். வெட்டிய இடம் வாயாயிற்று. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துப் பூசி, செதிலுக்கு ஜெம்ஸ் மிட்டாய் பதித்தாள். தடித்த வாவல்போல் இருந்தது. பாரதி அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். நாலரை மணிக்கே புது கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“சத்தம் போடக் கூடாது. தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல. நாம எல்லாம் மீனு. மீனு கத்தாது.”

பதினாறு பிள்ளைகளும் கிசுகிசுத்துக்கொண்டு உள்ளே வந்தன. நீல வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தன. மின்விசிறிக் காற்றில் பதினோரு மீனும் மெல்லத் திரும்பின. ஒரு பையன் சுறாவைப் பார்த்து வாயைத் திறந்தான். பாரதி முறைத்ததும் மூடிக்கொண்டான். சத்தமில்லாமல் நீந்தினார்கள், முட்டினார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிவபாலன் நாலு நாற்பதுக்கு மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

சொர்ணாம்பாள் குழாயடியில் இருந்தாள். அறையில் கிழவர் மட்டும். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினான். ஒன்று ஏறியது, இறங்கியது. பள்ளம். அவன் காத்திருந்தான். அடுத்தது ஏறவில்லை. சுவரில் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. அவன் கால் ஆடுவது நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் வரும் என்பதுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பிள்ளை அடக்கமுடியாமல் களுக்கென்று சிரித்தது. உடனே யாரோ ‘உஷ்’ என்றார்கள்.

எழுந்து வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து நிமிஷத்தில் மைக் கூப்பிடும். சொல்லாமல் எழுந்து போனாலும் யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் அவன் எழவில்லை.

சொர்ணாம்பாள் குடத்தோடு உள்ளே வந்தாள். கிழவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, கிழவரின் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“இப்பதானா?”

“இப்பதான் அண்ணி. நான்...”

“கேக்கு வெட்டியாச்சா?”

“இல்ல.”

“போய் வெட்டு.”

“அண்ணி, அண்ணனுக்குச் சொல்லணும். நான் போய்க் கூட்டியாறேன்.”

“அவருக்கு ஆள் போனா ஊருக்கே சொன்ன மாதிரி.” அவள் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. “நான் இப்ப வாயத் தொறந்தா தெருவே இந்த ரூமுக்குள்ள நிக்கும். இவரு எந்தக் கோலத்துல கெடக்காரு பாத்தியா? துணியெல்லாம் நனைஞ்சு போயிருக்கு. மூணு வருஷம் பாத்தேன் தம்பி. நாலு பேரு முன்னாடி இப்படிக் கெடக்க விடமாட்டேன். தொடைச்சு, நல்ல வேட்டியா கட்டணும். எனக்கு ஒரு மணி நேரம் ஆவும். ஆறு மணிக்குத்தான் அழுவேன்.”

அவன் நின்றான்.

“உன் புள்ளைக்காகச் சொல்லல. போ. கதவச் சாத்திட்டுப் போ.”

வெளியில் வந்தவனுக்குத் தன் வீட்டு வாசல் நாலு எட்டு தூரத்தில் இருந்தது. அந்த நாலு எட்டில் சட்டையைச் சரிசெய்தான், முகத்தைத் துடைத்தான். உள்ளே பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நின்றுகொண்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பிறந்த நாள் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். பதினாறு வாய் திறந்து மூடியது.

“பரவால்ல” என்றான் சிவபாலன். ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னான். “பரவால்ல, சத்தமாவே பாடுங்க.”

பிள்ளைகள் பாரதியைப் பார்த்தார்கள்.

“தாத்தாவுக்கு?” என்றாள் பாரதி.

“தாத்தாவுக்கு ஒண்ணும் ஆவாது. பாடுங்க.”

தீக்குச்சியோடு நின்ற ஷர்மிளா அவன் முகத்தைப் பார்த்தாள். குச்சி விரல்வரைக்கும் எரிந்து அணைந்தது. இன்னொன்று கிழித்து ஐந்து மெழுகுவர்த்தியையும் பற்றவைத்தாள்.

“சீக்கிரம்” என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

இவ்வளவு நேரமும் அடைத்து வைத்திருந்த சத்தம் ஒரேயடியாக உடைந்தது. பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. கத்தினார்கள், குதித்தார்கள், மேசையைத் தட்டினார்கள். பாரதி மெழுகுவர்த்தியை ஊதினாள். ஒன்று அணையாமல் நின்றது, அதையும் ஊதினாள். கேக்கின் வாலை வெட்டி அப்பா வாயில் திணித்தாள். இனிப்பு நாக்கில் ஒட்டியது. மென்றான். கூச்சல் சற்றே இறங்கிய இடைவெளியில், சுவருக்கு அந்தப் பக்கம் துணியைப் பிழியும் சத்தமும் வாளியில் தண்ணீர் சொட்டுவதும் அவனுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஷர்மிளாவுக்குக் கேட்டிருக்கலாம். அவள் கேக்கை வேகவேகமாகத் துண்டு போட்டுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு அவன் வண்டிச் சாவியை எடுத்தான். வைத்தான். ஐந்து நாற்பதுக்கு மறுபடியும் எடுத்தான். செல்லையன் இந்நேரம் ஐஸ் பெட்டிக்குள் குனிந்திருப்பார். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவன் இங்கே நீல வெளிச்சத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கையில் மிட்டாயோடு வெளியேறின. கடைசிப் பிள்ளை படி இறங்கியபோது ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. ஷர்மிளா டியூப் லைட்டை அணைத்தாள்.

அழுகை கேட்டது. நீளமாக, ஒற்றைக் குரலாக. சொன்ன நேரத்துக்கு.

தெருவில் கதவுகள் திறந்தன. அவன் வாசலுக்கு வந்து வண்டியை உதைத்தான். பாரதி ஓடி வந்து பின்சீட்டைப் பிடித்தாள்.

“கடலுக்கா போறீங்க?”

“இல்லடா. இன்னிக்கு யாரும் போகல.”

“நெசமா?” அவள் முகம் அப்படி மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியை எடுத்தான்.

முகத்துவாரத்துக்குப் போகும் வழியெல்லாம் என்ன நேரம் சொல்வது என்பதே ஓடியது. இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். சொர்ணாம்பாளும் காட்டிக்கொடுக்க மாட்டாள். கோயில் மைக் கரகரக்க ஆரம்பித்திருந்தது. பெயர் சொல்வதற்குள் போய்விட வேண்டும்.

செல்லையன் படகின் விளிம்பில் நின்று, கடைசிக் கூடையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தார்.

“என்னடா, பாப்பாவுக்குக் கேக்கு வெட்டியாச்சா?”

“ஆச்சுண்ணே.”

சிவபாலன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஐஸ் கூடையைப் பார்த்தான். செல்லையனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கூடையைக் கீழே வைத்தார்.

“எப்ப?”

“நாலே முக்காலுக்கு.”

செல்லையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து. கூடை ஐஸிலிருந்து தண்ணீர் ஒழுகிப் பலகையில் ஓடியது.

“பக்கத்துல யாரு இருந்தா?”

“நான்தாண்ணே. அண்ணி தண்ணிக்குப் போயிருந்தாங்க. வந்து பாத்துட்டு, ஆறு மணிக்குத்தான் அழுவேன்னுட்டாங்க.”

திட்டுவார் என்று நினைத்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தான்.

“தொடைச்சு வேட்டி மாத்தியிருப்பா” என்றார் செல்லையன். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். “நீ ஏண்டா மரமாட்டம் நிக்குற? வண்டிய எடு.”